டோரீனின் நான்காவது புகார்

கனடாவின் வின்னிபெக்கில் வெள்ள வரைபடம் வரைகிறவள் டோரீன் ஷார்ட்ராண்ட். பனியில் வழுக்கி முதுகெலும்பில் அடிபட்ட நாளிலிருந்து அவளால் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. ஆனால் படுத்தபடியே கண்ணில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் போதும், கம்ப்யூட்டர் திரைகள் அந்தரத்தில் தொங்கும். அவளுடைய வரைபட மென்பொருள் லினக்ஸ் இயங்குதளத்தில்தான் ஓடும். அதற்கென்று இப்படியொரு மெய்நிகர் மேசையை நாலு பேர் ஓய்வு நேரத்தில் இலவசமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பெயர் ‘மிதவை’.

கோளாறு ஒன்றுதான். அவள் படுத்த மறுநிமிடம் திரைகளெல்லாம் சறுக்கிக்கொண்டு கால்மாட்டுக்குப் போய்விடும். வரைபடத்தின் ரெட் ஆற்றைத் தன் கால் கட்டைவிரலுக்கு அந்தப் பக்கம் தேட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி வீட்டுக்கே வருகிறார். படுத்துக்கொண்டே ஒரு வரைபடத்தை முடித்துக் காட்டினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் வேறு ஆள்.

மூன்று முறை புகார் எழுதினாள். மூன்றையும் மிதவையின் பொறுப்பாளர் கார்டன் ஃபேர் ஒரே வரியில் மூடிவிட்டார்: “என்னிடம் சரியாக ஓடுகிறது.”

நான்காவதையும் எழுதிவிட்டு, செவ்வாய்க்கிழமை அவர்களுடைய வாராந்திர வீடியோ கூட்டத்திலேயே போய் நின்றாள். திரையின் மூலை கூராக இருக்கலாமா வளைவாக இருக்கலாமா என்று நாற்பது நிமிடமாக விவாதம்.

“வளைச்சாத்தான் பார்க்க லட்சணமா இருக்கும்,” என்றான் ஒரெஸ்ட், கார்டனின் கூட்டாளி.

“வெள்ளிக்கிழமை என் வேலை போகப்போகுது, நீங்க மூலையைப் பிடிச்சுத் தொங்குறீங்களே!”

“பொறுங்க டோரீன்,” என்றார் கார்டன். “இன்னும் அஞ்சு வருஷத்துல மானிட்டரே இருக்காது. உலகமே இப்படித்தான்…”

“அஞ்சு வருஷம் யாருக்கு வேணும்? அஞ்சு நிமிஷம் குடுங்க. ஹெட்செட்டை மாட்டிட்டுத் தரையில படுங்க.”

“எதுக்கு?”

“படுங்கய்யா!”

“பாத்துப் படுங்க கார்டன். எந்திரிக்கலன்னா கிரேன்தான் கூப்பிடணும்,” என்றான் ஒரெஸ்ட்.

நாற்காலி கிறீச்சிட்டது. கார்டன் தரையில் படுத்தார்.

“அடக் கடவுளே! எல்லாம் முழங்காலுக்குக் கீழ ஓடிப்போச்சு!”

“படுத்திருக்கும்போதுன்னு மூணு தடவை எழுதினேனே!”

“நீங்க அனுப்புனதுல கம்ப்யூட்டர் எழுதுன பிழைப்பதிவை மட்டுந்தான் படிச்சேன். அதுல தப்பே இல்ல. அதுக்கு மேல நீங்க எழுதினதைப் படிக்கல.” தரையிலிருந்து வந்த குரல் இறங்கியிருந்தது. “ஏழு வருஷமா உக்காந்தே சோதிச்சிருக்கோம்மா.”

அடுத்த இரண்டு நாளும் அந்த மனிதர் படுத்துக்கொண்டேதான் வேலை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை ரெட் ஆறு டோரீனின் முகத்துக்கு நேர்மேலே அசையாமல் நின்றது. பதினொரு மணிக்கு வரைபடம் முடிந்தது. “திங்கட்கிழமை அடுத்த மாவட்டத்தை அனுப்புறேன்,” என்று மேலதிகாரி சொன்னபோது, ஹெட்செட்டுக்குள் அவள் கண் நனைந்தது யாருக்கும் தெரியவில்லை.

நான்காவது புகாரை அவளே மூடினாள்: “என்னிடமும் சரியாக ஓடுகிறது.”

இரண்டே நிமிடத்தில் ஒரெஸ்டிடமிருந்து புதுப் புகார்: “உக்காந்தா எல்லாத் திரையும் உச்சந்தலைக்கு மேல போயிடுது!”

டோரீன் பெருமூச்சு விட்டுத் தட்டினாள்: “அப்போ படுங்க.”