நாய்க்குச் சொன்ன வம்சம்

ராஜபாளையத்தில் யார் கண்ணிலாவது பட்டுவிடுவோம் என்று அப்பா என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். அங்கே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். எல்லோரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மனச்சோர்வு என்றார் டாக்டர். மில் ஆபீசையே ஒற்றையாளாய் ஆட்டிவைத்தவள் நான். இப்போது தலை சீவுவதற்கே மலைப்பாக இருந்தது. அவர் தந்த மாத்திரை அதற்கு மேல் படுத்தியது. குமட்டல், கை நடுக்கம், படபடப்பு. இனி எந்த மாத்திரையும் தொடமாட்டேன் என்று சொல்லத்தான் மறுபடியும் போனேன்.

"உங்க ரத்த சொந்தத்துல யாராவது இந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டிருக்காங்களா? அவங்களுக்கு எது ஒத்துக்கிச்சுன்னு தெரிஞ்சா உதவியா இருக்கும்" என்றார் டாக்டர்.

"எங்க வம்சத்துல அப்படி யாரும் கிடையாது" என்றார் அப்பா. மாத்திரையை நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வரச்சொன்னார் டாக்டர்.

அப்பா ராஜபாளையம் நாய் வளர்த்து விற்பவர். அந்த வெள்ளை நாய்களில் செவிடு வம்சவழியாக வருவதுண்டு. மறுநாள் மம்சாபுரத்திலிருந்து ஒருவர் குட்டி வாங்க வந்தார். "இதோட தாய்க்குக் காது நல்லாக் கேக்கும். ஆனா தாயோட கூடப்பிறந்ததுல ஒண்ணு செவிடு. பொறவு எங்கிட்ட வந்து சண்டைக்கு நிக்கக்கூடாது, பாத்துக்கிடுங்க" என்றார் அப்பா, தயங்காமல்.

வாங்க வந்தவர் போனதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பள்ளியில் படித்தபோது அப்பா மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். மஞ்சள்காமாலை என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

"நாய் வம்சத்தை எம்புட்டு நேர்மையாச் சொல்லுதீங்க! அந்த மஞ்சக்காமாலைக்கு என்ன மாத்திரை சாப்பிட்டீங்க அப்பா?"

அவருக்கு முகம் செத்துவிட்டது. "ஏட்டி, அப்பனுக்கும் மகளுக்கும் இதேதான்னு தெரிஞ்சா உன்னைய எவன் கட்டுவான்?"

"நான் மொதல்ல எந்திரிக்கணும்லா!"

அடுத்த வாரம் டாக்டர் முன்னால் நான் உட்காருவதற்குள் அப்பாவே ஆரம்பித்தார். "நான் இவளுக்குத் தகப்பன். எனக்கும் இந்த நோவு வந்துச்சு. இதே மாத்திரையில இதே மாதிரி கை நடுங்குச்சு. வேற மாத்துன பொறவுதான் எந்திரிச்சேன்." அந்த இன்னொரு மாத்திரையின் பெயரையும் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சிலர் உடம்பு சில மாத்திரைகளை மெதுவாகத்தான் சிதைத்து வெளியேற்றும், சாதாரண அளவே அவர்களுக்கு அதிகமாகிவிடும், அந்தத் தன்மை குடும்பத்தில் வரலாம் என்று விளக்கினார் டாக்டர். அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நல்ல துப்பு என்றார். அப்பாவுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரையையே குறைந்த அளவில் தொடங்கினார். சில வாரங்களில் நான் மறுபடி மில்லில் எல்லோரையும் விரட்ட ஆரம்பித்தேன்.

போன மாதம் செட்டியார்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி ஆறுவதற்குள் அப்பா தன் கதை, என் கதை இரண்டையும் சொல்லி முடித்தார். "பொறவு எங்கிட்ட வந்து சண்டைக்கு நிக்கக்கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா தன் மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்பா பக்கம் திரும்பி, "அந்த மாத்திரை பேரு என்னண்ணே?" என்று கேட்டார்.