பவுடர் அக்கா

பிரிஸ்கில்லா ஒரு வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மோந்து பார்க்கிறார். பெட்ரோல் டேங்குக்குக் கீழே குனிந்து, டியூப் போகிற வழியெல்லாம் மூக்கைக் கொண்டுபோகிறார். "லீக்காவுது. கிளிப்ப மாத்திட்டு வா." வண்டிக்காரன் "இப்பதான்க்கா டைட் பண்ணேன்" என்று ஆரம்பிக்கிறான். அவர் அதற்குள் அடுத்த வண்டியைக் கையசைத்துக் கூப்பிட்டுவிடுகிறார்.

இடம், அரியாங்குப்பம் தாண்டி விற்காமல் கிடக்கும் ஒரு மனைப்பிரிவு. நீச்சல் குளம் வரும், கிளப் ஹவுஸ் வரும் என்று நுழைவு வளைவில் எழுதியிருக்கிறது. வந்தது நேரான ஒரு தார்ச்சாலை மட்டும்தான். உள்ளூர் பைக் கிளப் ஒன்று போலீஸ் அனுமதி வாங்கி, எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் டிராக் ரேஸ் நடத்துகிறது. இரண்டிரண்டு வண்டியாக நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேராகப் பறக்கும். அவ்வளவுதான், முடிந்தது. இதற்காகவா இத்தனை பேர் வெயிலில் காய்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. வண்டிகளைப் பற்றி எழுதப் போனவன், வண்டி ஓடலாமா கூடாதா என்று முடிவு செய்கிற இந்த அம்மாளின் மேஜைப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

வாரநாட்களில் பிரிஸ்கில்லாவுக்கு முதலியார்பேட்டையில் ஒரு பைக் ஷோரூமில் வேலை. "வாரண்டில வராது" என்று வாரமெல்லாம் சொல்லிப் பழகிய வாய், ஞாயிற்றுக்கிழமை "ஓடாது" என்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை, திட்டு ஒரே மாதிரிதான் கிடைக்கிறது. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். "சொல்தா பொண்ணு, வளையாது" என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். அது அவர் காதிலும் விழுகிறது. "வளைஞ்சா என்னையே ரிஜெக்ட் பண்ணணும்" என்கிறார்.

ஓட்டுகிறவன் விழுந்தால் இன்ஜின் தானாக நிற்க வேண்டும். அதற்காக அவன் மணிக்கட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கயிறு இருக்கும், இழுபட்டதும் இன்ஜின் அணையும். கிளம்பும் வேகத்தில் தவறி இழுபட்டுவிடுமே என்று சில கெட்டிக்காரர்கள் அதைக் கைப்பிடியிலேயே முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகவே பிரிஸ்கில்லா ஒரு சோதனை வைத்திருக்கிறார். "ஸ்டார்ட் பண்ணு. எறங்கு. எங்கிட்ட நடந்து வா." நடக்க ஆரம்பித்தும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால், அவன் அப்படியே வீட்டுக்கு நடக்கலாம். கைப்பிடியில் தொங்கும் எலுமிச்சம்பழம், ஜெபமாலை, தாயத்து எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்தான். "கழட்டு. சாமி கோவிச்சுக்காது. செயின்ல சிக்கினா நான் கோவிச்சுப்பேன்."

பவுடர் அக்கா என்ற பெயருக்குக் காரணம் அவர் பையில் இருக்கிற முகப்பவுடர் டப்பா. கிளம்பும்போது முன்சக்கரம் தூக்காமல் இருக்க, பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையை வெட்டி நீட்டி வெல்டிங் வைக்கிறார்கள். அந்த வெல்டிங்கின் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பது விதி. பிரிஸ்கில்லா அதில் சொட்டு மண்ணெண்ணெய் விடுவார். ஊறியதும் துணியால் சுத்தமாகத் துடைப்பார். அப்புறம் குழந்தைக்குப் போடுவது போலப் பவுடரை ஒற்றி எடுப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், உள்ளே இறங்கிய எண்ணெய் பவுடரில் கசிந்து கோடாகத் தெரியும். தெரியாவிட்டால் வண்டி ஓடலாம்.

அன்று இறுதிச் சுற்றுக்கு வந்த ஒரு வண்டி ஜோசப் ஆனந்த் தயார் செய்தது. ஜோசப் ஆனந்த் மெக்கானிக், பிரிஸ்கில்லாவின் கணவர். ஓட்டுகிறவர் ஆசிப். சென்னையிலிருந்து ஒரு ரேஸ் டீமின் மேனேஜர் வந்து நிழலில் உட்கார்ந்திருந்தார். ஆசிப் ஜெயித்தால் அந்த டீமின் வண்டிகளெல்லாம் ஜோசப் ஆனந்தின் பட்டறைக்கு வரும் என்று பேச்சு. கணவரின் வண்டியைப் பிரிஸ்கில்லா பார்ப்பதில்லை, இன்னொரு சோதனையாளரான கமருஸ்ஸமான் பாய்தான் பார்ப்பார். ஆனால் இறுதிச் சுற்று வண்டிகளை இருவருமே பார்த்தாக வேண்டும்.

அதற்கு முந்தைய ஓட்டத்தில் ஆசிப்பின் முன்சக்கரம் நன்றாக மேலே எழும்பி, 'தடால்' என்று தரையில் இறங்கியிருந்தது. அப்படியும் ஜெயித்தார் என்று எல்லோரும் கை தட்டினோம். பிரிஸ்கில்லா தட்டவில்லை.

"எனக்கு ஓகேம்மா" என்று பாய் பார்த்து முடித்து எழுந்தார்.

"சீக்கிரம் பாரு, இன்ஜின் ஆறிடப் போவுது" என்றார் ஜோசப் ஆனந்த். சிரித்தார்கூட.

பிரிஸ்கில்லா மோந்து பார்த்தார். ஆசிப்பை நடக்க விட்டார், இன்ஜின் நின்றது. மண்ணெண்ணெய் விட்டார், துடைத்தார், பவுடரை ஒற்றினார். ஒலிபெருக்கி ஆசிப்பின் பெயரைக் கூவிக்கொண்டிருந்தது. இடது பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. வலது பக்கத்தில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு எழும்பியது.

ஜோசப் ஆனந்த் குனிந்து கட்டைவிரலால் அதைத் தேய்த்தார். "தூசு."

பிரிஸ்கில்லா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். எண்ணெய், துணி, பவுடர். கோடு வரக் கூடாது என்று நான் மனசார வேண்டிக்கொண்டேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோடு அதே இடத்தில் வந்தது.

"ஜெர்லின் அப்பா, ஓடாது" என்றார், மகள் பெயரை வைத்துக் கணவரைக் கூப்பிட்டு.

"ஒரே ஒரு ரன்னு. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அதுக்குள்ள ஒடஞ்சிடுமா?"

"ஒடையாமலும் இருக்கலாம். ஒடஞ்சா ஆசிப்பு ரோட்டுல கெடப்பான். அவங்க ஊட்டுக்குப் போயி நீங்க சொல்வீங்களா?"

"பாய் ஓகேன்னுட்டாரு இல்ல? நீ இன்னா பெருசா?"

கமருஸ்ஸமான் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "அப்பத் தெரியல தம்பி. இப்பத் தெரியுது."

"அக்கா, ஓட்டப்போறது நான்தானே? எனக்குப் பயமில்லக்கா" என்றார் ஆசிப் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"எனக்கு இருக்கு."

ஜோசப் ஆனந்த் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்படியும் மேஜையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. "நம்ம சோத்துல நீயே மண்ணப் போடற, பிரிசி."

பிரிஸ்கில்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடக் கூடாத வண்டிக்கு ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தார், அதன் காகிதம் சட்டென்று உரியவில்லை. பாய் உதவிக்குக் கை நீட்டினார், பிரிஸ்கில்லா கொடுக்கவில்லை. தானே உரித்து, டேங்கின் மேல் ஒட்டி, ஓரம் தூக்காமல் அழுத்தித் தேய்த்தார்.

எதிராளி தனியாக ஓடிக் கோப்பையை வாங்கினார். சென்னை மேனேஜர் அவரிடம் போய்க் கை குலுக்கினார். ஆசிப் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் தூரத்தில் ஒரு மனைக்கல்லின் மேல் போய் உட்கார்ந்தார். ஜோசப் ஆனந்த் ஒற்றை ஆளாக வண்டியை உருட்டிக்கொண்டு போய் டாட்டா ஏஸில் சாய்த்திருந்த பலகையில் ஏற்றப் பார்த்தார். பாதி ஏறி, பின்னால் வழுக்கி இறங்கியது. இரண்டாவது தடவையும் அப்படியே.

போட்டியாளரின் வண்டியைத் தள்ளிவிடச் சோதனையாளருக்கு அனுமதி கிடையாது. பிரிஸ்கில்லா போட்டிருந்த சோதனையாளருக்கான மஞ்சள் மேலங்கியைக் கழற்றி, மடித்து, பாயிடம் கொடுத்தார். பிறகு வெயிலில் அரக்கப்பரக்க நடந்து போய், திரும்பிப் பார்க்காத கணவருக்குப் பின்னால் குனிந்து, வண்டியின் சீட்டுக்குத் தோளைக் கொடுத்தார்.