ஒரு ரூபாய் பெறப்பட்டது

எங்கள் கடைப் பெட்டிக்குப் பெண் குரல். யாராவது போனில் காசு அனுப்பினால், கல்லா மேல் உட்கார்ந்துகொண்டு "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லும். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலையோரம், மூன்று பெண்கள் சேர்ந்து நடத்துகிற டிபன் கடை எங்களுடையது. மற்ற இருவரும் அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு வாய் நீளம் என்பதால் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒரு நாள் மதியம் பெட்டி, "ஒரு ரூபாய் பெறப்பட்டது" என்றது. எங்கள் கடையில் ஒரு ரூபாய்க்கு எதுவும் கிடையாது. எவனோ பூஜ்யத்தை முழுங்கிவிட்டான் என்று நினைத்து, "யாருப்பா அது, ஒத்த ரூபாய்க்கு இங்க தண்ணி கூட கிடையாது" என்று சத்தம் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். யாரும் எழுந்து வரவில்லை.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். போகப்போகத்தான் கவனித்தேன்: நான் எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து உட்காரும்போதுதான் அது வருகிறது. சந்தேகத்துக்கு, அடுப்பில் நிற்கிற இருவரில் மூத்தவளை ஒரு நாள் முழுக்க என் இடத்தில் உட்கார வைத்தோம். பெட்டி இருபது சொன்னது, அறுபது சொன்னது, ஒன்று மட்டும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். புடவையைக்கூடச் சரிசெய்யவில்லை, "ஒரு ரூபாய் பெறப்பட்டது" என்றது.

பயப்பட எனக்குக் காரணம் இருந்தது. புளியந்தோப்பில் புருஷனிடம் அடிவாங்கி அலுத்துப்போய், வேலைக்குப் போகிறவள் மாதிரி ஒரு காலையில் கிளம்பி வந்தவள் நான். எண்ணூர் பக்கம் ஓர் அறை பிடித்தேன். போன் நம்பரை மாற்றினேன். கூடப் பிறந்தவர்களுக்குக்கூட இடத்தைச் சொல்லவில்லை. ஆனால் பழைய வேலையின் சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கு எங்கள் இருவர் பேரிலும் இருந்தது. அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. நான் போனில் காசு கொடுத்த ஒவ்வொரு கடையின் பேரும் அந்தக் கணக்கில் வரிசையாக விழுந்திருக்கிறது. மருந்துக்கடை, மளிகைக்கடை, பால் பூத். வீட்டில் உட்கார்ந்தபடியே அவர் என் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். ஒரு நாள் விடிந்ததும் பால் வாங்கப் போனேன். பூத் வாசலில் அவர் நின்றிருந்தார், கையில் பால் பாக்கெட். முகத்தில் துளி கோபம் இல்லை.

"பாலு நான் வாங்கிட்டேன். வா, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

அடித்திருந்தால்கூட அப்படி நடுங்கியிருக்க மாட்டேன். கத்திக் கூட்டம் சேர்த்துத்தான் தப்பினேன். அன்றைக்கே அறையைக் காலி செய்து, கடைசியில் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன்.

அதனால், எங்களிடம் காலையில் இட்லி வாங்குகிற கம்ப்யூட்டர் வேலைக்காரப் பெண் ஒருத்தி, தானும் தோழிகளும் எழுதிய புதுப் பணமுறையைப் பற்றிச் சொன்னபோது நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஓப்பன் சோர்ஸ் என்றாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாமாம். அக்கம்பக்கத்துக் கடைகள் சிலவற்றில் சோதனையாக ஓடிக்கொண்டிருந்தது.

"பேங்க்ல இருந்து மொத்தமா எடுத்து போன்ல வெச்சுக்குவீங்க அக்கா. அப்புறம் எங்க செலவு பண்றீங்கன்னு பேங்க்குக்குத் தெரியாது. நீங்க யாருன்னு கடைக்கும் தெரியாது. கடைக்கு எவ்ளோ வந்துச்சுன்னு மட்டும்தான் தெரியும்."

எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கூட்டாளிகளோடு சண்டை போட்டுக் கடையில் அதைக் கொண்டுவந்தவளே நான்தான்.

இப்போது அதே பெண் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து அந்த ஒரு ரூபாய்ப் பதிவை எனக்குக் காட்டினாள். தொகை இருந்தது, நேரம் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"இருந்தா காட்ட மாட்டேனா அக்கா? யாருன்னு இருக்கக் கூடாதுன்னுதான் எழுதினோம்."

"ஸ்டேஷன்ல சொல்லலாமா?" என்றேன்.

"இன்னான்னு சொல்லுவே? காசு குடுத்துட்டான்னா? சிரிப்பாங்கமே" என்றாள் மூத்தவள்.

இளையவள் ஒரு வழி சொன்னாள். நான் உட்கார்வது, அந்த நேரத்தில் எவன் கையில் போன் இருக்கிறது என்று அவள் சாலையில் நின்று பார்ப்பது. உட்கார்ந்தேன். பெட்டி சொன்னது. அவள் முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"எல்லார் கையிலயும் போன் கீதுக்கா. டிரைவரு, ஆட்டோக்காரன், பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பள, அல்லாரும் குனிஞ்சிகினு கீறாங்க. யாருன்னு சொல்லுவேன்?"

நானும் எட்டிப் பார்த்தேன். சாலை நெடுக குனிந்த தலைகள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. அதில் ஒரு தலை இப்போதுதான் பார்த்துவிட்டுக் குனிந்திருக்கிறது. அது புருஷனா, புருஷன் அனுப்பிய ஆளா, சம்பந்தமே இல்லாத வேறு எவனாவதா என்று தெரியவில்லை. அவன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"இனிமே அனுப்பறவங்க யாருன்னு பதியற மாதிரி மாத்தலாம் அக்கா. ஆனா அந்த ஒரு ஆளை மட்டும் பதிய முடியாது. காசு குடுக்கிற எல்லாரும் பதிவாவாங்க" என்றாள் கம்ப்யூட்டர் பெண்.

"மாத்து. இதுல இன்னா யோசனை? பெரிய பேஜாரா கீது" என்றாள் மூத்தவள். நானும் மாற்றச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

பார்சல் வாங்க ஒருத்தி வந்து நின்றிருந்தாள். தினமும் மதியம் வருகிறவள். முதுகைச் சுவரோடு ஒட்டி, முகத்தைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டுதான் நிற்பாள். அப்படி நிற்பது எதற்கென்று எனக்குத் தெரியும், நானும் நின்றிருக்கிறேன். காசு அனுப்பும்போதெல்லாம், "எம் பேரு எங்கியும் வராதில்லக்கா?" என்று கேட்பாள். வராது என்பேன். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு, அனுப்பாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"மாத்தப் போறீங்களாக்கா?"

எனக்கு அவள் மேல் எரிச்சலாக வந்தது. இவள் நாளைக்கு வந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. அழுகையும் வந்தது.

"மாத்தல. நீ காசு அனுப்பு" என்றேன்.

அவள் போனதும் மூத்தவள் என்னைக் கண்டபடி திட்டினாள். அந்தச் சனியனின் வாயையாவது மூடுகிறேன் என்று பெட்டியின் ஒயரைப் பிடுங்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி சொன்னால் அவன் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான் என்றாவது தெரியும்.

அப்படியே பழகிவிட்டேன். நாள் தவறாமல் ஒரு ரூபாய் வந்துகொண்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். ஆள் அங்கேதான் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு, கடையின் பின்வழியாக வீட்டுக்குப் போவேன்.

கொஞ்ச நாளாக அது வரவில்லை. எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்க்கிறேன். பெட்டி நாற்பது சொல்கிறது, அறுபது சொல்கிறது. "ஒழிஞ்சான் பேமானி" என்று மூத்தவள் எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். பார்சல்காரி வழக்கம்போல வந்து போகிறாள். இத்தனை நாள் அவன் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நேற்று சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறந்த பிறகும், உள்ளே போகாமல் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்தேன்.