நான் வேகம் ஏற்றிய ஜோகன்னஸ்பர்க் பாட்டுகள்

1. முதல் நாள்

ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலை என்று மதுரையில் சொல்லிவிட்டு வந்தேன். முதல் நாளே கையில் ஹெட்போனைக் கொடுத்து, "இனிமே பாட்டு கேக்குறதுதான் உங்க வேலை" என்றார் மேனேஜர் சீனிவாஸ். சென்னையில் படித்த தெலுங்கர். என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

லண்டன் கம்பெனி ஒன்று பல நாட்டு அண்டர்கிரவுண்ட் ஆட்டப் பாட்டுகளை இணையத்தில் விற்றது. ரேடியோவில் வராத சரக்கு. ஒவ்வொன்றும் எந்த வகை, நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று நாங்கள் குறிக்க வேண்டும். அந்த அடிக்கணக்குதான் பீ.பி.எம்.

எனக்கு ஆட வராது. எக்ஸெல் வரும். அதை வைத்தே ஒரு வருஷத்தில் டீம் லீட் ஆகி, ஒரு டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டினேன். சிகாகோ ஹவுஸ்: எல்லா அடியிலும் 'டம்' என்று விழும் கிக் டிரம், பீ.பி.எம். நூற்றிருபத்தைந்து. டெட்ராய்ட் டெக்னோ: அதே கிக், இன்னும் வேகம், பெரும்பாலும் மெஷின்தான் பாடும். லண்டன் ஜங்கிள்: நூற்றறுபது, டிரம்ஸ் சிதறி ஓட, அடியில் உறுமும் பேஸ் மட்டும் பாதி வேகத்தில் சாவகாசமாக நடக்கும். உலகமே அந்தச் சுவரில் அடங்கிவிட்டதாக நினைப்பு எனக்கு.

2. என் கெட்டிக்காரத்தனம்

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு பேட்ச் நேராக எங்கள் சர்வருக்கு வந்தது. கேட்டால் ஹவுஸ் மாதிரி இருந்தது. பீ.பி.எம். நூற்றைந்துதான் காட்டியது. ரெக்கார்டிங் கோளாறு என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் நூற்றிருபத்தைந்துக்கு ஏற்றச் சொன்னேன்.

டீமிலிருந்த ஜெரால்டு எழுந்து வந்தார். உள்ளூர் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர், என் வயசுதான்.

"நக்கோ, வேணாம் மேடம். இது கெட்டுப் போகல. இதோட நடையே இப்படித்தான். எங்க ஏரியா கல்யாண ஊர்வலத்துல தீன்மார் மேளம் அடிப்பாங்களே, அதை வேகமா ஓட்டி விட்டீங்கன்னா ஒருத்தரும் ஆட முடியாது."

"டேபிள்ல இல்லையே ஜெரால்டு."

பழையது அழிந்துபோகும்படி ஒரிஜினல் மேலேயே சேவ் பண்ணச் சொன்னதும் நான்தான். அந்த வார அப்ரைசலில் அவருக்கு 'சொன்னதைச் செய்யத் தயக்கம்' என்று வேறு எழுதி வைத்தேன்.

மூன்றாம் நாள் லண்டனிலிருந்து நொம்சா கூப்பிட்டாள். ஆப்பிரிக்கப் பாட்டுகளைப் பார்த்துக்கொள்பவள், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். அவள் ஆங்கிலத்தில் கொட்டியதன் சாரம் இது: "எங்க பாட்டுக்காரங்களை எலி மாதிரி கத்த வச்சிட்டீங்க. இது க்வைட்டோங்கற வகை. எங்க தெருவுக்கு ஏத்த மாதிரி ஹவுஸை நாங்களே மெதுவா வச்சுக்கிட்டது. யார்கிட்டயும் வேற காப்பி இல்ல. ஒரிஜினல் வரலன்னா காண்ட்ராக்ட் கிடையாது."

வேகத்தைத் திரும்பக் குறைத்துப் பார்த்தோம். சத்தம் கரகரத்தது. பதினோரு பேர் வேலையும் என் டேபிளால் போகப் போகிறது என்று பாத்ரூமில் நின்று அழுதேன்.

3. சி.டி.

வெளியே வந்தால் ஜெரால்டு நின்றிருந்தார். கையில் இரண்டு சி.டி.

"ஒரிஜினல் இருக்கு மேடம். நீங்க வேகம் ஏத்தச் சொன்ன அன்னிக்கே காப்பி போட்டுட்டேன்."

காப்பி எடுத்தால் வேலை போகும் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

"தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"இல்லாட்டி பாட்டு போயிடும்ல மேடம்."

சீனிவாஸ் அறைக்கு நானே எடுத்துப் போனேன். யார் எடுத்த காப்பி என்றார். "பாட்டைக் கெடுத்தது நான் சார், காப்பாத்தினது ஜெரால்டு. யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதல்ல இதை சர்வர்ல ஏத்துங்க. மத்தது நான் பாத்துக்கறேன்" என்றார். இன்றைக்கும் அவரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

ஒரிஜினல் கிடைத்ததும், வித்தியாசத்தைக் கேட்டுப் பிடித்தது யார் என்று விசாரித்த நொம்சா, இனி தன் பேட்ச் எல்லாம் ஜெரால்டு காதுக்குத்தான் வர வேண்டும் என்றாள். அந்தப் பொறுப்புக்கு வந்ததும் ஜெரால்டு நாற்காலிகளைத் தள்ளச் சொன்னார். உட்கார்ந்து கேட்டு யாரும் வகை குறிக்கக் கூடாது. நின்று, கால் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஹைடெக் சிட்டி ஆபீஸில் பதினோரு பேர் ஹெட்போனோடு நின்று கால் தட்டினோம். எல்லோரையும்விட நான் கேவலமாகத் தட்டினேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் கணக்குக்கு ஒத்துவராததைத் திருத்துமுன், அதை ஆடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஜெரால்டு என் வேலையைக் காப்பாற்ற அந்தக் காப்பியை எடுக்கவில்லை. பார்த்தே இராத ஒரு ஊர்க்காரர்களின் பாட்டுக்காகத் தன் வேலையைப் பணயம் வைத்தார். அதில் என் வேலையும் பிழைத்துக்கொண்டது.