ஓட்டுவது வேறு, தள்ளுவது வேறு

இசக்கியம்மாளுக்கு நாற்பத்தொரு வயதில் அரசு மானியத்தில் ஒரு பிங்க் ஆட்டோ கிடைத்தது. அதற்கு முன் பதினான்கு வருடம் மயிலாப்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்த்தாள். எழுந்திருக்க முடியாதவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது என்று அவளுக்குத் தெரியும். ஆட்டோவையும் அதே முறையில்தான் ஓட்டினாள். அவசரப்படுவதில்லை, சொல்லாமல் திருப்புவதில்லை, குலுக்குவதில்லை.

வண்டியைக் கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். புகை குறைந்த எரிபொருளில் ஓடும் வண்டியாக இருக்க வேண்டும். பெண் மட்டுமே ஓட்ட வேண்டும். ஆண் யாராவது ஓட்டியது தெரிந்தால் வண்டி திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். கடைசி வரியை அங்கிருந்தவர் இரண்டு முறை வாசித்தார். இரண்டாம் முறை அவர் பார்த்தது இசக்கியம்மாளை அல்ல, அவளுக்குப் பின்னால் நின்ற கணவன் ஜவஹரை.

ஜவஹர் இருபத்திரண்டு வருடம் வாடகை ஆட்டோ ஓட்டியவன். அந்த வண்டி புகைச் சோதனையில் மூன்று முறை தோற்று, பழைய இரும்புக்குப் போனது. இப்போது தி. நகர் துணிக்கடை ஒன்றில் மதியத்துக்கு மேல் வண்டிகளை நிறுத்த இடம் காட்டுகிறான். அடுத்தவர் வண்டிக்குக் கையைக் காட்டலாம், உட்காரக் கூடாது. வீட்டிலும் அதே நிலைமை. மனைவி ஓட்டும்போது பின்சீட்டில் உட்கார்ந்தால் அவன் வலது கால் தானாகவே பிரேக் போடும். சைதாப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் போவதற்குள் அந்தக் கால் வலித்துவிடும்.

பேட்டரி வண்டியா, கேஸ் வண்டியா என்ற பேச்சு வந்தபோது அவன் தன் கருத்தைச் சொன்னான்.

"பேட்டரி வண்டில சத்தமே வராது இசக்கி. ஆட்டோ வருதுன்னா தெருவுக்கே தெரிய வேணாவா?"

அவள் கேஸ் வண்டியை எடுத்ததற்குக் காரணம் வேறு. அவர்கள் வீட்டில் ஒரே ஒரு பிளக். மிக்ஸியைப் பிடுங்கினால்தான் செல்போனுக்கு சார்ஜ். வீட்டுக்காரர் சுப்புராயனிடம் கேட்டதற்கு அவர், "ஒரு ஃபேனுக்கே என் மீட்டர் மூச்சு வாங்குதும்மா, அதுல ஆட்டோவை வேற மாட்டப் போறியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் மெயின் சுவிட்சைப் பார்த்துவிட்டு வந்தார்.

கேஸ் வண்டியில் ஒரே தொல்லை, கேஸ் பிடிப்பது. அடையாறு பங்க்கில் ஒன்றரை மணி நேரம் வரிசை நிற்கும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு அவளுக்கு ஒரு நிரந்தர சவாரி உண்டு. மயிலாப்பூர் ஸ்ரீனிவாசராகவன், எழுபத்திரண்டு வயது, அடையாறு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். தாமதமாகப் போனால் மிஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவருக்கு ஆரம்பத்தில் பிரஷர் இறங்கும். காலைத் தூக்கி வைத்து, பேச்சுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளும் இசக்கியம்மாள்தான்.

ஆகவே அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். பெரியவரைக் கைத்தாங்கலாக உள்ளே விட்டுவிட்டு, அடுத்த தெருவில் இருந்த பங்க் வரிசையின் வாலில் வண்டியை நிறுத்துவாள். ஜவஹரைக் காவலுக்கு வைத்துவிட்டு டயாலிசிஸ் அறைக்குத் திரும்புவாள். ஒரு மணி நேரம் கழித்து அவள் வரும்வரை, வரிசை நகர நகர அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வலது பக்கம் நின்று, உள்ளே சாய்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, தோளால் ஒரு அழுத்து.

வரிசை அவனைச் சும்மா விடவில்லை.

"இன்னா நைனா, ஸ்டார்ட் பண்ணத் தெரியலயா? வந்து சொல்லித் தரட்டா?" என்றார் பின்வண்டி குலாம் ரசூல்.

ஜவஹர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். உள்ளே சாவிச் சத்தம் கேட்டது.

"சாவி இங்கதான் கீது மாமா. ஒரு அடி நவுர்றதுக்கு எதுக்கு கேஸை வேஸ்ட் பண்ணிக்கினு? அதான் தள்றேன்."

"வண்டி மேல உனுக்கு இவ்ளோ அக்கறையா. உன் பழைய வண்டிக்கு ஒரு நாள் ஆயில் மாத்துனியாடா?"

இப்படி நான்கு மாதம் ஓடியது. ஒரு புதன்கிழமை, பங்க்குக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு பெண் போனில் படம் எடுத்தார். அவர் பெயர் மதுமதி. பிங்க் ஆட்டோ திட்ட அலுவலகத்தின் கள ஆய்வாளர். படம் இடது பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. உள்ளே சாய்ந்து தள்ளுகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், சுகமாக உட்கார்ந்து ஓட்டுகிறவன் போலத் தெரிந்தான். ஜவஹர் முகத்தில் சிரிப்பு வேறு.

"ஓட்டல மேடம், தள்றேன்," என்றான் அவன்.

குலாம் ரசூல் உதவிக்கு வந்தார். "நெசம்தான் மேடம். இவன் ஓட்டுனா இவ்ளோ மெதுவாவா போவான்? ஸ்பீடுக்கு மட்டும் மூணு கேஸு கீது இவன் மேல."

மதுமதி அதையும் குறித்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை தி. நகர் அலுவலகத்தில் விளக்கம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். விளக்கம் சரியில்லை என்றால் வண்டியை அன்றே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

இசக்கியம்மாள் அழவில்லை. அழுதால் தலைவலி வரும், வண்டி வராது. கோபம் மட்டும் வந்தது. கோபம் வந்தால் அப்பா அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சு அவள் வாயில் ஏறிக்கொள்ளும். "போட்டோ எடுக்கையில எதுக்குவே இளிச்சீரு?" என்று கேட்டாள்.

"போட்டோன்னா சிரிக்கணும்னு பழகிப்போச்சு."

வெள்ளிக்கிழமை, மிஷினில் படுத்தபடியே ஸ்ரீனிவாசராகவன் விஷயத்தைக் கேட்டார். தலைமைச் செயலகத்தில் போக்குவரத்துத் துறைக்கு முப்பது வருடம் ஆணைகள் எழுதியவர். அன்று அவருக்குப் பிரஷர் இறங்கவே இல்லை.

"கவலைப்படாதே. ஆத்துக்குப் போனதும் நானே நன்னா எழுதித் தரேன். ஆனா ஒண்ணு, சொன்னா கோச்சுக்கப்படாது. வண்டியைத் திருப்பற பிடி எவன் கையில இருக்கோ அவன்தான் ஓட்டறான். ரூல்படி பாத்தா உன் ஆத்துக்காரன் ஓட்டிண்டுதான் இருந்திருக்கான்."

"நீங்க யார் பக்கம் சார்?"

"நான் ரூல் பக்கம்," என்றார் அவர், குற்ற உணர்ச்சி இல்லாமல்.

நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் காத்திருக்கும்போது இசக்கியம்மாள் அதைப் படித்துப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில், 'எனவே தள்ளுவதும் ஓட்டுவதே ஆகும்' என்று அடிக்கோடிட்டு இருந்தது. மடித்து விசிறியாக வைத்துக்கொண்டாள். காற்று நன்றாக வந்தது.

சாட்சிக்குக் குலாம் ரசூல் தானாகவே வந்திருந்தார். மறுபடி உதவி செய்வார் என்ற பயத்தில் ஜவஹர் அவரை மூலையில் உட்கார வைத்தான்.

மதுமதி போனை மேசையில் வைத்தார். "கை ஹேண்டில்பார்ல இருக்கு. எஞ்சின் ஓடுச்சா இல்லையான்னு படத்துல தெரியாது. அதனால ஒரே கேள்விதான். அன்னைக்கு வண்டிச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

இசக்கியம்மாள் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து பதில் வந்தது.

"இவன்கிட்டதான் மேடம். டெய்லி பாக்கெட்டைத் தட்டிக் காட்டுவானே. சாவி இருந்தும் தள்றான் மேடம், அவ்ளோ நல்லவன்."

மதுமதி பேனாவை எடுத்தார். இசக்கியம்மாள் கணவனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான். வண்டி போகவேண்டும், இல்லை அவன் மானம் போகவேண்டும். மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றியது.

"பையில இருக்கிறத எடுத்து வையும்," என்றாள் அவள்.

ஜவஹர் எடுத்து வைத்தான். பித்தளைச் சாவி.

"இது இன்னா சாவிடா?" என்றார் குலாம் ரசூல்.

"வூட்டுப் பூட்டு."

"நாலு மாசமாவா?"

ஜவஹர் மதுமதியைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். "வண்டிச் சாவிய எங்கிட்ட அவ குடுக்க மாட்டா மேடம். ஒரு வாட்டிகூட குடுத்தது இல்ல."

இசக்கியம்மாள் கழுத்துக் கயிற்றில் தொங்கிய வண்டிச் சாவியை வெளியே எடுத்துக் காட்டினாள். நர்சிங் ஹோமில் துணி அலமாரிச் சாவியை அப்படித்தான் மாட்டியிருப்பாள். அந்த அலமாரியிலிருந்து பதினான்கு வருடத்தில் ஒரு தலையணை உறைகூடக் காணாமல் போனதில்லை.

"ரெண்டாவது சாவி ஒண்ணு தருவாங்களே?"

"அது மயிலாப்பூர்ல, எங்க பெரியவர் வீட்டுப் பீரோவுல இருக்கு மேடம்."

"உங்க வீட்டுல வைக்கலையா?"

"வீட்டுல இவரு இருக்காரே."

மதுமதி படத்தை விரலால் பெரிதாக்கினார். ஜவஹரின் சிரிப்பு திரையைவிட்டு வெளியே போனது, ஹேண்டில்பார் வந்தது, அதற்குக் கீழே சாவித் துளை வந்தது. காலியாக இருந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நீண்ட நேரம் எழுதினார்.

'மேற்படி வாகனத்தின் சாவி கணவரிடம் எக்காலத்திலும் ஒப்படைக்கப்பட்டதில்லை என்பதும், அவர் தள்ள மட்டுமே செய்தார் என்பதும் விசாரணையில் தெரிய வந்தது. இத்தாளை வாகனத்தில் எப்போதும் பார்வையில் படும்படி வைத்திருக்கவும்.'

முத்திரையும் குத்தினார்.

இசக்கியம்மாள் அன்றே அதை லேமினேட் செய்து, ஓட்டுநர் இருக்கையின் முதுகில் மாட்டினாள். பின்சீட்டில் யார் உட்கார்ந்தாலும் மூக்குக்கு நேரே இருக்கும். மாட்டுவதற்கு வேறு இடமே இல்லையா என்று ஜவஹர் கேட்டான். பார்வையில் படும்படி என்றுதானே போட்டிருக்கிறது என்றாள். நான்கு பக்க விளக்கத்தைப் பற்றிப் பெரியவர் விசாரித்தபோது, மிகவும் உதவியாக இருந்தது என்று சொன்னாள். அது பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை கேஸ் பிடித்துவிட்டுத் திரும்பும்போது அடையாறு சிக்னலில் ஒரு அம்மாள் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போக ஏறினார். பின்சீட்டின் ஓரத்தில் ஜவஹர், வலது காலால் பிரேக் போட்டபடி இருந்தான். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசித்தார்.

"யாருங்க இந்தக் கணவர்?" என்று அவனிடம் கேட்டார்.

இசக்கியம்மாள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"தெரிலம்மா," என்றான் ஜவஹர். "யாரோ பாவம்."