பாதியில் பிடுங்கிய ஒயர்

நான் செய்த தவறுக்கு இன்னொருவர் வேலையை இழந்தார். அவர் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே பொய் சொன்னேன்.

திருப்பூரில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் மேனேஜராக இருந்தேன். வேலையை இழந்த அந்தப் பெண் அங்கே டிசைனர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவரோடு வந்தவர். பனியனில் அச்சாக வேண்டிய படத்தை நிறம் நிறமாகப் பிரித்து வைப்பது அவர் வேலை. ஒவ்வொரு ஃபைலும் பெரியது. கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டால் பழையவற்றை வெளியே வைக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுவார். அது ஆமை வேகத்தில்தான் போகும்.

"பின்னால வேகமா போற யூ.எஸ்.பி. கார்டு ஒண்ணு மாட்டுனா போதும் சார். மூணுல ஒரு பங்கு நேரத்துல முடிஞ்சிரும்" என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடறத எதுக்குங்க பிரிச்சுப் போட்டுக்கிட்டு?" என்பேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

ஆயுத பூஜையன்று காலையிலும் ஃபைல்களை மாற்றிக்கொண்டிருந்தார். மதியம் அவருக்கு ஊருக்கு பஸ். கிளம்பும்போது, "இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும் சார். டிஸ்க் ஒயரை மட்டும் எடுத்துராதிய" என்றார். அதையே எழுதி மானிட்டரில் ஒரு தாளும் ஒட்டிவிட்டுப் போனார்.

முதலாளி குடும்பத்தோடு வந்துவிட்டார். பிரிண்டிங் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று, மாலை போட்டாயிற்று. ஓடுகிற எதற்கும் பூஜை செய்வதில்லை, எல்லாவற்றையும் நிறுத்தித் துடைக்க வேண்டும். "கம்ப்யூட்டர் மட்டும் என்னுங்க இன்னும் ஓடிட்டிருக்குது? நல்ல நேரம் போகுதுங்க" என்றார் முதலாளி. நான் அந்தத் தாளைக் கிழித்தேன். ஒயரைப் பிடுங்கினேன். ஸ்விட்சை அணைத்து மானிட்டருக்குச் சந்தனம் வைத்தேன்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது டிஸ்க் திறக்கவில்லை. மாற்றிய ஃபைல்கள் கம்ப்யூட்டரிலும் இல்லை. அந்த வாரமே ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஒரு பழைய டிசைனைத் திரும்பக் கேட்டார்.

"ஒயரை நீங்க எடுத்தியளா சார்?" என்று அந்தப் பெண் என்னிடம் தனியாகக் கேட்டார்.

"நான் எதுக்குங்க அதைத் தொடறேன்?"

முதலாளியிடம், "ஊருக்குப் போற அவசரத்துல அவங்களே புடுங்கிட்டுப் போயிட்டாங்க போலிருக்குதுங்க" என்றேன். அன்று மாலையே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பிறகு மூன்று யூனிட்காரர்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று எனக்குப் போன் செய்தார்கள். மூன்று பேரிடமும், "வேலை தெரியும், கொஞ்சம் அவசரக்காரங்க" என்றேன். யாரும் சேர்க்கவில்லை. முதல் பொய்யையாவது பயத்தில் சொன்னேன் எனலாம். இந்த மூன்றுக்கும் அந்தச் சாக்குக் கூட இல்லை.

முதலாளி தூக்கிப்போடச் சொன்ன அந்த டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்து வந்து பீரோவில் வைத்தேன். ஏழு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. போன வருடம் ஓய்வு பெற்றபின், அதிலிருந்து ஃபைல்களை மீட்க முடியுமா என்று கம்ப்யூட்டர் கடைக்காரரை வீட்டுக்கு அழைத்தேன். என் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தார். உள்ளே பஞ்சு அடை அடையாக இருந்தது.

"ஏனுங்க, இதுக்குள்ள பனியன் கம்பெனி ஏதாச்சும் நடத்தறீங்களா?" என்று சிரித்தார். "டிஸ்க் நோஞ்சானா இருக்குதுங்க. இந்தப் பழைய போர்ட்டுல படிக்க விட்டா நாள்கணக்காகும், அதுக்குள்ள செத்துப்போயிரும். ஒரு கார்டு போட்டரலாமுங்க."

தூசியை ஊதி, காலியாக இருந்த இடத்தில் சின்ன கார்டைச் செருகி, ஒரு திருகைப் போட்டு மூடினார். பின்பக்கம் இரண்டு நீலத் துளைகள் புதிதாகத் தெரிந்தன. கால் மணி நேரம் ஆகவில்லை. அந்தப் பெண் ஒரு வருடமாகக் கேட்டது இவ்வளவுதான்.

பெரும்பாலான ஃபைல்கள் மீண்டன. புது டிஸ்க்கில் போட்டு எடுத்துக்கொண்டு, விசாரித்து, அவிநாசிபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கூலிக்குப் பனியன்களில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி டிஸ்க்கை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அது கம்பெனி டிசைன் சார். எங்கிட்ட இருந்தா நான் திருடுனதா ஆவும். மொதலாளிகிட்ட சொன்னியளா?"

"இல்லீங்க."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே."

மறுநாள் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அட விடுங்க, பழைய டிசைனெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க?" என்று டிஸ்க்கை வாங்கி மேசையில் வைத்தார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அன்று போன் செய்த மூன்று யூனிட்களில் இரண்டை மூடிவிட்டார்கள். மூன்றாவதில் இருந்தவரிடம் நான் சொன்னது பொய் என்றேன். "எந்தப் பொண்ணுங்க? எனக்கு ஞாபகமே இல்லீங்களே" என்றார். பிறகு, "சரி, வரச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றார்.

போனில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "ஏழு வருசம் மௌஸைத் தொடலை சார். யோசிக்கேன்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அந்த யூனிட்டுக்குப் போய்க் கேட்டேன். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள்.