இடம் மாறிய மச்சம்

ஒருநாளும் சேர்ந்து நிற்காத இருவரை அருகருகே நிற்க வைத்தால், அதன்பின் நடப்பதற்கு நிற்க வைத்தவர் பொறுப்பா? பதினோரு வருடமாக இந்தக் கேள்வி ஒட்டு அக்காவின் வாசலுக்கே வந்ததில்லை.

போட்டோ ஸ்டூடியோவின் பின்னறையில், கம்ப்யூட்டர் முன்னால் அவள் வேலை. தனித்தனிப் படங்களை ஒட்டி ஒன்றாக்குவதால்தான் அந்தப் பெயர். செத்துப்போன அப்பாவை மணப்பெண்ணின் அருகில் கொண்டுவந்து நிறுத்துவாள். முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பியைத் தோளோடு தோள் சேர்ப்பாள். "பத்து பேர் பஞ்சாயத்து பண்ணாலும் சேராதவங்கள உக்காந்த இடத்துலயே சேத்துடறியே!" என்பார் முதலாளி.

பெரிய கைத்திறன் என்று சொல்லிவிட முடியாது. வெளிச்சம் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். ஒருவருக்கு வலப்பக்கமும் மற்றவருக்கு இடப்பக்கமும் வெளிச்சம் விழுந்திருந்தால், ஒருவரைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிவிடுவாள். ஏதாவது மாறிப்போனால் வீட்டுக்காரர்களே சத்தம் போடுவார்கள்: "எங்கப்பாவுக்கு வகிடு அந்தப் பக்கம்!" உடனே சரிசெய்வாள். சரிபார்க்கும் வேலையை அவர்களிடமே விட்டுப் பழகிவிட்டாள்.

ஒரு மாதத்துக்கு முன், படிய வாரிய தலையோடு ஒருவன் வந்தான். "என் சம்சாரம். கேமராவைக் கண்டாலே ஓடிடுவா. சேந்தாப்ல ஒரு படம்கூட இல்ல." தன் படம் ஒன்றும் அவள் படம் ஒன்றும் தனித்தனியாகக் கொடுத்தான். அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுத்தாள். அவன் சத்தம் போடவில்லை. படத்தைப் பார்த்துச் சிரித்தான்.

இன்று காலை அவள் உள்ளே நுழைந்ததுமே முதலாளி கதவைச் சாத்தினார்.

"அந்தப் படிய வாரின ஆளு நேத்து வந்தான். யாராவது கேட்டா அந்தப் படம் இங்க பண்ணதில்லன்னு சொல்லணுமாம். உன் வீடு எந்தத் தெருன்னும் கேட்டான்."

"சொன்னீங்களாண்ணே?"

"சொல்லுவனா? ஆனா சிரிச்சிட்டே போனான்மா."

அவளுக்கு மகள் நினைவு வந்தது. பள்ளிக்கூடம் விட்டுத் தனியாகத்தான் வீட்டுக்கு வருவாள். பூட்டைத் திறந்து, தனியாகத்தான் உள்ளே போவாள்.

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். கையில் அதே படம்.

"அக்கா, இது நீங்க பண்ணதா? பின்னால உங்க கடை முத்திரை இருக்கு. இவன் யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா. நான் போற பஸ்ஸுல வருவான், அவ்வளவுதான். எங்களுக்குக் கல்யாணமாயிடுச்சுன்னு இத எங்க அண்ணன்கிட்ட காட்டிட்டான். நாளைக்கு என்னை அவன்கூட அனுப்பிடுவேங்கறாரு."

"நாங்க பண்ணதில்லம்மா" என்றாள் ஒட்டு அக்கா.

அந்தப் பெண் அழவில்லை. தலையாட்டிவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள். அப்போதுதான் ஒட்டு அக்கா அவள் இடது கன்னத்து மச்சத்தைப் பார்த்தாள். படத்தில் அது வலது கன்னத்தில் இருந்தது. திருப்பியவள் ஒட்டு அக்காதான். உண்மையான வீட்டுக்காரனாக இருந்திருந்தால் அன்றைக்கே கத்தியிருப்பான்.

"இந்தாம்மா, நில்லு."

மச்சத்தைக் காட்டினாள். கம்ப்யூட்டரைத் திறந்து, அந்தப் பெண்ணின் அசல் படத்தை எடுத்து அச்சுப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இது போதும்க்கா. அண்ணனுக்கு என் மச்சம் தெரியாதா? உங்களப் பத்தி மூச்சு விடமாட்டேன்."

"அதான் வேலை முடிஞ்சுதே, அனுப்பி வைம்மா" என்று முதலாளி அவசரப்படுத்தினார். கையிலிருந்த டீயைக்கூடக் குடிக்காமல் அவர் கண் தெருவிலேயே இருந்தது.

ஒட்டு அக்கா பேனாவை எடுத்தாள். ஒட்டிய படத்தைத் திருப்பி, கடை முத்திரைக்குக் கீழே, 'தனித்தனிப் படங்களைச் சேர்த்து இதைச் செய்தது நான்' என்று எழுதினாள். அதன்கீழ் தன் முழுப் பெயர், வீட்டு எண், தெருவையும் எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

"பைத்தியமா உனக்கு? அட்ரஸ் எதுக்கு?" முதலாளி கத்தினார்.

"சந்தேகம்னா அவ அண்ணன் யார்கிட்ட வந்து கேப்பாரு? டீ ஆறுது, குடிங்கண்ணே" என்றாள் அவள்.